பாயிர வினாக்களும் நூலாசிரியர் சார்பும்: 1869ஆம் ஆண்டு மஞ்சக்குப்பம் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நூலை ஆக்கியவரின் நோக்குநிலையும் சார்பும் அந்நூலின் செய்தியை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை மாணவர்க்குக் கற்பிக்க, கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வரலாற்றிலேயே தக்க சான்று உள்ளது. 1869ஆம் ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஆறுமுக நாவலர் தொடுத்த மானநட்ட வழக்கு இரு மரபுகளில் இரு வேறு கதைகளாக வழங்குகிறது. அவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்பதையும், நன்னூல் பாயிர இலக்கணம் வகுத்த வினாக்களைக் கொண்டு அதனை வகுப்பறையில் எவ்வாறு பயிற்றலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நூலாசிரியர் சார்பு, பாயிரம், நன்னூல், அருட்பா மருட்பா விவாதம், மஞ்சக்குப்பம் வழக்கு, வரலாறு கற்பித்தல்.

முன்னுரை

வரலாற்றுக் கல்வியில் 'சார்பு' என்னும் சொல் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வழங்குகிறது. ஒரு நூல் சார்புடையது என்று கண்டவுடன் அதனை ஒதுக்கிவிட்டுச் சார்பே இல்லாத நூல் ஒன்றைத் தேடுவது பயிலத் தொடங்குவோரின் இயல்பு. அத்தகைய நூல் கிட்டாதபோது எல்லாமே அவரவர் கூற்று, உண்மை என ஒன்று இல்லை என்னும் முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் வரலாற்றுக் கல்விக்கு ஊறு செய்வன.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்தூன், வரலாற்றுச் செய்திகளில் பொய் புகுவதற்குரிய காரணங்களை அடுக்கும்போது கட்சிப் பற்றையே முதலில் வைத்தார். 1961இல் வெளிவந்த 'வரலாறு என்றால் என்ன?' என்னும் நூலில் ஈ. எச். கார், செய்திகளைப் பயிலுமுன் அவற்றை எழுதியவரைப் பயில வேண்டும் என்றார். தமிழ்க் கல்வி மரபுக்கும் இக்கருத்து புதிதன்று. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குள் புகுமுன் அறிய வேண்டியவை இவையெனப் பாயிர இலக்கணத்தில் வரையறுத்துள்ளது. அவ்வரையறையை மூலச்சான்று ஆய்வுக்குரிய கருவியாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதனைச் சோதிக்கும் களமாக மஞ்சக்குப்பம் வழக்கு கொள்ளப்படுகிறது.

வழக்கின் பின்புலம்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர் இராமலிங்கர். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சமகாலத்தவரான இவ்விருவரையும் இணைத்த ஊர் சிதம்பரம். நாவலர் 1864இல் அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இராமலிங்கர் தம் கடிதங்களில் தம் பெயரைச் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றே எழுதினார். அவர் 1865இல் சங்கத்தையும், 1867 மே மாதத்தில் வடலூரில் சத்திய தருமச் சாலையையும் தோற்றுவித்தார்.

1867ஆம் ஆண்டிலேயே அவருடைய பாடல்களின் முதல் நான்கு பகுதிகள் சென்னையில் அச்சாயின. பதிப்பித்தவர் அவருடைய முதன்மை மாணாக்கரான தொழுவூர் வேலாயுத முதலியார். பாடல்களுக்குத் 'திருவருட்பா' என்னும் பெயரையும், பகுதிகளுக்குத் 'திருமுறை' என்னும் பெயரையும், ஆசிரியருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்னும் பெயரையும் இட்டவர் அவரே. 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவது கூட ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று இராமலிங்கர் தம் அன்பரான இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதம் உண்டு. ஆகவே பின்னர் எழுந்த பூசலுக்குக் காரணமான பெயர்கள் பதிப்பாசிரியர் வழியாக நூலுள் புகுந்தவை என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும்.

அருட்பா என்பது தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரிய பெயர் என்பது நாவலரின் நிலைப்பாடு. தம் காலத்தவர் ஒருவரின் பாடல்களை அப்பெயரால் அழைப்பதும், கோயில்களில் திருமுறைகளுக்கு ஈடாக ஓதுவதும் சைவ மரபுக்கு மாறானவை என்று அவர் கருதினார். அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் 'போலியருட்பா மறுப்பு' 1869இல் வெளிவந்தது. இரு தரப்பிலிருந்தும் கண்டன நூல்கள் எழுந்தன. இவற்றைப் ப. சரவணன் 'அருட்பா மருட்பா: கண்டனத் திரட்டு' என்னும் பெயரில் 2010இல் தொகுத்து வெளியிட்டுள்ளார்.

இதே காலத்தில் நாவலருக்கும் தில்லைத் தீட்சிதர்களுக்கும் இடையே வேறொரு பிணக்கு இருந்தது. சிவதீட்சை, ஆகம முறை ஆகியவை பற்றித் தீட்சிதர்களை நாவலர் குறை கூறினார். இப்பிணக்கின் தொடர்ச்சியாகச் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டமொன்றில் தம்மை இழிவுபடுத்திப் பேசினர் என்று தீட்சிதர் சிலர் மீதும் இராமலிங்கர் மீதும் நாவலர் வழக்குத் தொடுத்தார். தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமான கடலூரில், மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அது விசாரிக்கப்பட்டது.

இரு மரபுகள் கூறும் இரு கதைகள்

வள்ளலார் அன்பர்களிடையே வழங்கும் கதை வருமாறு: இராமலிங்கர் நீதிமன்றத்துள் நுழைந்ததும் அங்கிருந்தோர் அனைவரும் எழுந்தனர், வழக்குத் தொடுத்த நாவலரும் தம்மை அறியாமல் எழுந்து நின்றார். வாதியே எழுந்து வணங்கத்தக்க ஒருவர் பிறரை எங்ஙனம் இழிவு செய்திருப்பார் என்று கேட்டு, ஆங்கில நீதிபதி வழக்கைத் தள்ளினார். நாவலர் மரபில் வழங்கும் கதை வேறு. அதன்படி, தாம் நாவலரை இழித்துப் பேசவில்லை என்று இராமலிங்கர் நீதிமன்றத்தில் கூறி விடுபட்டார்; தீட்சிதர் ஒருவர் தண்டம் பெற்றார்; ஆகவே வென்றவர் நாவலர்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது மூன்று செய்திகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஆள்களின் எண்ணிக்கை. முதற்கதையில் தீட்சிதர்கள் இல்லை. இருவர் மட்டுமே எதிரெதிர் நிற்கின்றனர். இரண்டாவதில் தீட்சிதர்களே முதன்மைப் பிரதிவாதிகள். இராமலிங்கர் பின்னாளில் வடலூரில் தமக்கெனச் சத்திய ஞான சபையை 1872இல் அமைத்தவர். சாதி, சமயச் சடங்குகளை மறுத்துப் பாடியவர். அவரைத் தீட்சிதர்களோடு ஒரே அணியில் நிறுத்தும் செய்தி பிற்கால அன்பர்க்கு உவப்பாக இருந்திராது. பொய் கூறும் எண்ணம் எவருக்கும் இல்லாமலே, சொல்லச் சொல்லத் தேவையற்ற பாத்திரங்கள் உதிர்ந்திருக்கலாம். விடுபடுதலும் சார்பின் ஒரு வடிவம் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இரண்டாவது, வழக்கின் பொருள். பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்பதை நீதிமன்றம் தீர்மானித்தது என்பதே பொதுமக்கள் நினைவு. உண்மையில் அது பேச்சினால் விளைந்த மானநட்டம் பற்றிய வழக்கு. பாடல்களின் சமயத் தகுதி குறித்து முடிவு கூறுவது அந்நீதிமன்றத்தின் பணியன்று. எனினும் இரு தரப்பினரும் தத்தம் நிலைப்பாட்டுக்கு அரசின் முத்திரை கிடைத்ததாகவே வழக்கை நினைவுகூர்ந்தனர்.

மூன்றாவது, கதையின் அமைப்பு. பகைவரும் தம்மை அறியாது பணிவது அடியார் வரலாறுகளில் பயின்றுவரும் கூறு. முதற்கதையில் அது நீதிமன்றத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது. இரு சமயத் தரப்பையும் சாராத ஆங்கில நீதிபதி இங்கு நடுநிலைச் சாட்சியாகிறார். இரண்டாம் கதையோ வாதில் வென்ற ஆசிரியரின் வரலாற்றமைப்பைப் பின்பற்றுகிறது. அன்பர்கள் தேடியது அருளாளரை. யாழ்ப்பாணச் சைவர்கள் தேடியது சமயம் காத்த வீரரை. நாவலரை 'ஐந்தாங் குரவர்' என்று போற்றிய மரபு அவர் தோற்றதாக எழுத இயலாது.

நாவலர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1882இல், வே. கனகரத்தின உபாத்தியாயர் அவர் வரலாற்றை எழுதினார். பின்னர் எழுதிய த. கைலாசபிள்ளை, நாவலரின் தமையனார் மகன். வள்ளலார் வரலாற்றை விரிவாக எழுதிய ஊரன் அடிகள் சன்மார்க்க நெறியில் நின்ற துறவி. அவருடைய 'இராமலிங்க அடிகள் வரலாறு' 1971இல் வெளிவந்தது. எழுதுவோர் யாருக்கு அணுக்கமானவர் என்பதை அறியாமல் இந்நூல்களைப் பயில்வது அரைகுறைப் பயிற்சியே.

ஒருவரே எழுதிய இரு வாக்குமூலங்கள்

சார்பு என்பது ஒருவருக்கு நிலையாக அமைந்த குணம் என்று மாணவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தைத் திருத்தத் தொழுவூர் வேலாயுத முதலியாரின் எழுத்துகளே போதும். 1867 பதிப்பில் அவர் 'திருவருட்பா வரலாறு' என்னும் பகுதியைச் செய்யுளில் எழுதிச் சேர்த்தார். அது சைவ அன்பர்க்கென்று எழுதப்பட்டது. திருமுறை வரலாறு கூறும் மரபின் நடையில் அமைந்தது. ஆசிரியரை அருளாளராகவும் பாடல்களை அருளின் வெளிப்பாடாகவும் நிறுவுவது அதன் நோக்கம்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1882இல், சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதராக இருந்த அதே வேலாயுத முதலியார், பிரம்மஞான சங்கத்தாருக்கு ஒரு வாக்குமூலம் அளித்தார். அது ஆங்கிலத்தில் அச்சாயிற்று. உலக சகோதரத்துவத்தை இராமலிங்கர் போதித்தார் என்றும், அதனைப் பரப்ப ருசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிறர் வருவர் என்று முன்னறிவித்தார் என்றும் அதில் அவர் கூறினார். அச்சங்கத்தின் நிறுவனர்களுள் பிளாவட்ஸ்கி ருசியர், ஆல்காட் அமெரிக்கர். சங்கம் நியூயார்க்கில் தோன்றியது 1875இல். இராமலிங்கர் மேட்டுக்குப்பத்து அறையில் புகுந்தது 1874 சனவரியில்.

எழுதியவர் ஒருவர்; எழுதப்பட்டவரும் ஒருவர்; ஆசிரியர் மீது கொண்ட பற்றும் மாறவில்லை. மாறியவை கேட்போரும் காலமும் களனுமே. சைவர்க்குச் சொல்லும்போது திருமுறை ஆசிரியராகத் தோன்றியவர், பிரம்மஞானிகளுக்குச் சொல்லும்போது உலக இயக்கமொன்றின் முன்னோடியாகிறார். ஆகவே எழுதியவர் யார் என்னும் வினாவோடு நின்றுவிடாமல், யாருக்காக எழுதினார் என்பதையும் மாணவர் கேட்டாக வேண்டும்.

இவ்விரு தரப்பையும் சாராத அரசு ஆவணமும் சார்பிலிருந்து விடுபட்டதன்று. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி, இராமலிங்கரைப் 'பரதேசி' என்னும் அடைமொழியோடு சுட்டுகிறது. அவர் பூட்டிய அறைக்குள் சென்றதையும் பின்னர் காணப்படாததையும் வியப்புக்குரிய வட்டாரச் செய்தியாக அது பதிவு செய்கிறது. 'வள்ளலார்', 'பிள்ளை', 'பரதேசி' என ஒருவரைக் குறிக்கும் பெயரே எழுதியவர் நிற்குமிடத்தைக் காட்டிவிடுகிறது.

பின்னைய காலத்தை முன்னைய காலத்தில் ஏற்றுதல்

நூலாசிரியரின் சார்பைப் போலவே படிப்போரின் சார்பும் கருதத்தக்கது. இன்று இவ்விவாதத்தைச் சாதி மறுப்புக்கும் வைதிகப் பற்றுக்கும் இடையிலான போராகப் படிப்பது வழக்கமாகியுள்ளது. இப்படிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் பாடல்கள் பெரும்பாலும் ஆறாம் திருமுறையைச் சேர்ந்தவை. அத்திருமுறை அச்சேறியது 1885இல். அப்போது இராமலிங்கர் மறைந்து பதினொரு ஆண்டுகளும் நாவலர் மறைந்து ஆறு ஆண்டுகளும் ஆகிவிட்டன. 1869இல் வாசகர் கையில் இருந்த அச்சுநூல் முதல் நான்கு திருமுறைகளே. அன்றைய பூசல் பெயர், திருமுறைத் தகுதி, கோயிலில் ஓதும் உரிமை ஆகியவை பற்றியது. பின்னர் வெளிவந்த பாடல்களை அதற்குக் காரணமாக்குவது கால முரண்.

படிப்போர் நிலை மாறுவதற்குத் திரு. வி. கலியாணசுந்தரனார் சான்றாவார். அவர் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. அருட்பா எதிர்ப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் மீண்டும் முன்னெடுத்தவர் அவரே; எதிர்த்தரப்பில் மறைமலையடிகள் நின்றார். 1904இல் கதிரைவேற்பிள்ளை மீதான வழக்கில் ஆசிரியர் பொருட்டுச் சாட்சி கூறச் சென்றதால் திரு.வி.க.வின் பள்ளித் தேர்வே தவறிற்று. அவரே பின்னாளில் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதிப் போற்றினார். பாடல்கள் மாறவில்லை; அவற்றைப் படித்தவர் மாறினார்.

பாயிரத்தின் பதினொரு வினாக்கள்

நன்னூல் கூறும் சிறப்புப் பாயிர இலக்கணம் எட்டுப் பொருள்களைக் கொண்டது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உளர் என்று அந்நூலே குறிப்பிடுகிறது. தமிழ் பயிலும் மாணவர் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அவற்றை வினாக்களாக மாற்றி மஞ்சக்குப்பம் வழக்கு பற்றிய எழுத்துகளிடம் கேட்டால் அவை உயிர்பெறும்.

ஆக்கியோன் யார், அவர் எவ்வழியில் வந்தவர் என்னும் வினாக்கள் கைலாசபிள்ளையின் குடும்ப உறவையும் ஊரன் அடிகளின் நெறியையும் வெளிக்கொணரும். எல்லை என்னும் வினா, யாழ்ப்பாணத்தில் வழங்கும் நூலுக்கும் வடலூரில் வழங்கும் கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். நூற்பெயர் பற்றிய வினா தனித்த பயனுடையது. 'திருவருட்பா', 'போலியருட்பா மறுப்பு' ஆகிய பெயர்களே இரு தரப்பின் முழு வாதத்தையும் அடக்கியுள்ளன. யாப்பு என்பதைத் தொகுத்தல், விரித்தல் முதலிய நூல் செய்யும் முறையாகக் கொண்டால், எது சுருக்கப்பட்டது, எது விரிக்கப்பட்டது என்று வினவலாம். தீட்சிதர்கள் விடுபட்டதும் நாவலர் எழுந்து நின்ற காட்சி விரிந்ததும் இவ்வினாவுக்குள் அடங்கும். கேட்போர், காலம், களன் ஆகியவை வேலாயுத முதலியாரின் இரு எழுத்துகளை விளக்கும். பயன், காரணம் ஆகியவை கண்டன நூல்களின் கடுஞ்சொற்களை அவ்வகை நூலுக்குரிய இயல்பாகக் காணச் செய்யும்.

பாயிர இலக்கணத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. ஆகவே சிறப்புப் பாயிரம் செய்யத்தக்கவர் அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் என்று நன்னூல் வகுக்கிறது. புகழ்ந்துரைப்போர் உறவுடையோர் என்பதை மரபு மறைக்கவில்லை. அவ்வுறவு இன்னதென வெளிப்படக் கூறியது. சார்பை ஒழிக்க இயலாதபோது அதனை அறிவித்துவிடுவதே நேர்மை என்னும் கொள்கை இதில் உள்ளது. இதனை மாணவர்க்கு உணர்த்துவது எந்தப் புதிய கலைச்சொல்லைக் கற்பிப்பதினும் பயனுடையது.

இப்பயிற்சியை மூன்று பாடவேளைகளில் நடத்தலாம். முதல் வேளையில் இரு கதைகளையும் பெயர் சுட்டாது தந்து, ஒவ்வொன்றும் எவர் வாயிலிருந்து வந்திருக்கும் என்று மாணவரை உய்த்துணரச் செய்யலாம். இரண்டாம் வேளையில் பதினொரு வினாக்களையும் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் எழுத்திலிருந்தே ஒரு சொல்லையேனும் சான்றாகக் காட்டுமாறு பணிக்கலாம். மூன்றாம் வேளையில் மாணவர் தாமே அந்நிகழ்ச்சியை ஒரு பத்தியில் எழுதி, அதற்கு ஒரு பாயிரமும் எழுத வேண்டும். தம் குடும்பம், ஊர், பயின்ற பள்ளி ஆகியவை தம் பத்தியில் எங்ஙனம் புகுந்தன என்பதை அவர்களே காண்பர்.

சார்புகளைக் கடந்து எஞ்சும் உண்மை

இரு தரப்பும் சார்புடையவை என்பதால் எதையும் அறிய இயலாது என்று முடிவு செய்வது தவறு. ஒன்றையொன்று மறுக்கும் சாட்சிகள் ஒத்துக்கொள்ளும் செய்தியே வலிமை மிக்கது. மஞ்சக்குப்பத்தில் வழக்கு நடந்தது, தொடுத்தவர் நாவலர், பிரதிவாதிகளுள் இராமலிங்கர் ஒருவர், அவர் தண்டம் பெறவில்லை. இவற்றில் இரு மரபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இராமலிங்கர் தண்டனையின்றி மீண்டதை நாவலர் மரபு ஒப்புவது தன் நலனுக்கு எதிரானதைக் கூறுவதாகும். அதனால் அக்கூற்றின் மதிப்பு கூடுகிறது. மாறாக, எழுந்து நின்ற காட்சியை அன்பர் தரப்பு மட்டுமே கூறுகிறது. அது நடக்கவே இயலாதது என்று சொல்வதற்கில்லை. ஆனால் முன்னையவற்றோடு ஒரே தரத்தில் வைத்துக் கற்பிக்கத்தக்கதும் அன்று. செய்திகளை இவ்வாறு தரம் பிரிக்கும் ஆற்றலே இப்பயிற்சியின் பயன்.

முடிவுரை

கடலூர் மாவட்டத்து வகுப்பறை ஒன்றில் தைப்பூசத்துக்கு வடலூர் செல்லும் குடும்பத்துப் பிள்ளையும், சிதம்பரத்தில் நாவலர் பெயர் தாங்கிய பள்ளியில் பயின்ற பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். ஒருவர் வீட்டில் கேட்ட கதை பொய் என்று ஆசிரியர் கூறினால், அப்பிள்ளை இழப்பது ஒரு கதையை மட்டுமன்று. வகுப்பறையின் மீதுள்ள நம்பிக்கையையும்தான். இரு கதைகளும் மெய்யே என்று கூறி நழுவினால் வரலாறு என்னும் பாடத்துக்கே பொருளில்லை. ஒவ்வொரு கதையும் யாரால், யாருக்கு, எப்போது, எதன் பொருட்டுச் சொல்லப்பட்டது என்று கேட்கப் பழக்குவதே நேரிய வழி. அவ்வினாக்கள் நன்னூலில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக உள்ளன. பாயிரத்தை மனப்பாடப் பகுதியாக மட்டும் விடாமல் வரலாற்று வகுப்பிலும் பயன்படுத்தினால், தம் ஊரின் இரு பெரியோரையும் இழிவு செய்யாமலும் உண்மையைக் கைவிடாமலும் மாணவர் பயில இயலும்.